நூற்று இருபத்தொன்றாவது நாற்காலி

வியாழக்கிழமை காலை கடிகாரக்காரர் வந்து நின்றபோது மாப்பிள்ளை ஒரு நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பின்னங்கால் திருகு ஒன்று அரை மணி நேரமாக அவரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தலையில் முடி போய், வாயில் இரண்டு பல் போய், இடுப்பில் பிடிமானம் போய், எல்லாம் போன பிறகும் 'மாப்பிள்ளை' என்ற பட்டம் மட்டும் போகவில்லை. நாற்காலியம்மாவின் மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று ஊர் வைத்த பெயர். மளிகைக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து தேடுவார்.

"ஒண்ணும் அவசரமில்ல மாப்ள. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் கடிகாரக்காரர். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். எதையும் அவசரமில்லை என்றுதான் ஆரம்பிப்பார். "ஞாயித்துக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"எந்த வண்டி?"

"நாற்காலி வண்டிதான். பொண்ணு கல்யாணம் இல்ல? மூணு மணிக்கு. நூத்தியிருபது வேணும்னு அம்மாகிட்ட நாலு மாசம் முன்னாடியே சொல்லியாச்சே. நீங்க கூட பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

மாப்பிள்ளையின் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. சங்கடம் வந்தால் அவருக்கு முதலில் காலுக்குத்தான் தெரியும். மூளைக்குச் சேதி பிறகுதான் போகும். போய்ச் சேர்ந்தபோது திருப்புளி நழுவி நெற்றியில் விழுந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் நாற்காலியம்மாவுக்கு நினைவுக் கூட்டம். அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. பள்ளிக்கூடத்து மண்டபத்தைக் கேட்டு வாங்கி, நூறு வீட்டுக்கு அட்டை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. மண்டபத்தில் கூரை உண்டு, மேடை உண்டு, உட்கார ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாற்காலி வாடகைக்கு விடுகிற வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்? ஆனால் இருப்பதே மொத்தம் நூற்று இருபத்தொன்று.

"வரும், வரும். ரெண்டு மணிக்கே வந்துடும்," என்றது மாப்பிள்ளையின் வாய், யாரையும் கேட்காமல்.

கடிகாரக்காரர் போன பிறகும் அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் உலகம் கொஞ்சம் பத்திரமாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். நாற்காலியம்மாவுக்கு நோட்டுப் புத்தகம் பிடிக்காது. "எழுதி வெச்சா மனசு படுத்துக்கும்" என்பாள். ஐம்பத்திரண்டு வருஷம் எல்லாத் தேதியையும் தலையிலேயே வைத்திருந்தாள். யார் வீட்டுக்கு என்றைக்கு எத்தனை என்பதில் ஒரு நாள், ஒரு நாற்காலி பிசகியது கிடையாது. கடைசி ஒரு வருஷம், தேதிகள் நழுவுவது தெரிந்ததும், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் சொல்லி வைப்பாள். டீ வரும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது எப்போதும் மாப்பிள்ளை. தன் தலையின் லட்சணம் அவருக்கே தெரியும் என்பதால், சின்ன லாரியின் பின்கதவு உட்பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பார். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். நல்ல ஏற்பாடு. அத்தை போன நாள் வரைக்கும் நல்ல ஏற்பாடு.

அன்று, அவளைக் கொண்டுபோக வேறு வண்டி வேண்டாம், அவள் வண்டியிலேயே போகட்டும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். விடிந்ததும் ஒருத்தரையும் கிட்டே விடாமல் தானே கழுவினார். சோப்பு போட்டு ஒரு தடவை, மறுபடியும் சோப்பு போட்டு ஒரு தடவை, மனசு கேட்காமல் மூன்றாவது தடவை. வெளியே கழுவினார், உள்ளே கழுவினார், பின்கதவை இரண்டு பக்கமும் தேய் தேய் என்று தேய்த்தார். வாழ்நாளில் அவர் குறை வைக்காமல் செய்த ஒரே வேலை அதுதான். அது இப்படி வந்து முடிந்தது.

மத்தியானம் சமையலறையில் விசாரணை நடந்தது. மூத்தவள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி மின்சார அலுவலகத்தில் பெரிய மேசைக்காரன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவன் காலுறையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"கழுவிட்டீங்களா?" என்றாள் மூத்தவள்.

"கழுவிட்டேன்."

"கல்யாணத்தைக் கழுவிட்டீங்க."

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. இது ஒண்ணுதான்..."

"மத்தது என்ன இருந்துது?"

மாப்பிள்ளை யோசித்தார். "அது ஞாபகம் இல்ல."

தம்பிக்காரன் சிரிக்கவில்லை. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவன் கல்யாணப் படத்தில்கூடக் கரண்ட் போனவன் மாதிரிதான் நிற்பான். "மாமா, இதுல யோசிக்க என்ன இருக்கு? அவரைக் கூப்பிட்டு, அம்மா கூட்டம் இருக்கு, வேற இடத்துல பாத்துக்கோங்கன்னு சொல்லிடுங்க. செத்துப்போனவங்க பேச்சு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"வேற இடத்துல இல்லடா. பக்கத்து ஊர் பிளாஸ்டிக் நாற்காலிக்காரனுக்கு ஃபோன் போட்டுட்டேன். இந்த ஞாயிறு அவன்கிட்ட ஒரு ஸ்டூல்கூட இல்லையாம். ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல கல்யாண ஆசை வந்திருக்கு."

"இருந்தாலும் பிளாஸ்டிக் ஆகாது," என்றாள் மூத்தவள். "அம்மா அதுல ஒரே ஒரு தடவ உக்காந்தாங்க. பல் டாக்டர்கிட்ட. எந்திரிச்சாங்க, நாற்காலியும் கூடவே எந்திரிச்சுது. அதோட பல் டாக்டரே வேணாம்னுட்டாங்க."

"அக்கா, விளையாடாத. நூறு பேரை நிக்க வெச்சா பேசுறது?"

"எத்தனை பக்கம் எழுதியிருக்க?"

"மூணு."

"நிக்கட்டும். சீக்கிரம் முடிப்ப."

வெங்காயத்தாலோ வேறெதனாலோ மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவர் மறதிக்கெல்லாம் பொறுப்பேற்க அத்தை இருந்தாள். சாவியைத் தொலைத்தால், "நான்தான் எங்கேயோ வெச்சேன்" என்பாள். வேறொரு தெருவுக்கு வண்டியை ஓட்டிப்போனால், "நான் சரியா சொல்லல" என்பாள். ஐம்பத்திரண்டு வருஷம் தவறாத அவள் வாக்கு, அவள் போய் மூன்றே வாரத்தில், அவர் கையால் தவறப்போகிறது. அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவளும் இல்லை.

அந்த நாற்காலிகள் வந்த கதை ஊருக்கே தெரியும். நாற்காலியம்மாவின் வீட்டுக்காரர் தச்சர். யாரோ படக்கொட்டகை கட்டப்போகிறேன் என்று சொன்னதை நம்பி இருபத்து நாலு மடக்கு நாற்காலி செய்தார். படக்கொட்டகை வரவில்லை, காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளும் இருபத்து நாலு நாற்காலிகளும் உள்ள வீட்டில் நடக்க இடமில்லை. வாங்க ஆளில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் கேட்டார்கள், கொடுத்தாள். ஒன்று கால் உடைந்து திரும்பி வந்தது. எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவையிலிருந்து, திரும்பி வந்த ஒவ்வொரு நாற்காலியிலும், கொண்டுவந்தவர்கள் எதிரிலேயே, தான் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இருபத்து நாலு நூற்று இருபத்தொன்று ஆன பிறகும் விடவில்லை. ஈரத்துணியால் துடைத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரித்து வைத்ததும் வந்து உட்காருவாள். ஒரு மூச்சு இழுத்து விடுவாள். நன்றாக இருந்தால் "ஆச்சு" என்பாள், அடுக்கிவிடலாம். இல்லையென்றால் "ஓரம்" என்பாள், பழுது பார்க்க ஓரமாக வைக்க வேண்டும். நடுவில் விமரிசனமும் உண்டு. "இதுல நம்ம கசாப்புக் கடைக்காரர் உக்காந்திருக்கார், பலகை பெருமூச்சு விடுது." "இதுல யாரோ சண்டை போட்டுட்டு உக்காந்திருக்காங்க, முதுகே படல." ஊரில் எல்லாரும் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் எழுந்த பிறகு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை முதலில் அவள் நாற்காலி அடுக்கி வைக்கும் கொட்டகைக்கு வந்தது லாரி ஓட்ட வேலை கேட்டு. வயது இருபத்து நாலு. ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். எதிரே மகள் துணியும் கையுமாக நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தவர் தொழில் தெரிந்தவர் மாதிரி, "அம்மா, இந்த நாற்காலி ஆடுதே" என்றார். நாற்காலியம்மா குனிந்து நாலு காலையும் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நாற்காலி ஆடல தம்பி. நீதான் ஆடுற," என்றாள். "வேலை உண்டு. காலை மட்டும் நிறுத்து."

வேலைக்கு வந்தார், ஒரு வருஷத்தில் மருமகனும் ஆனார். கால் மட்டும் நிற்கவில்லை.

"நம்ம கல்யாணம் ஞாபகம் இருக்கா?" என்றார் மாப்பிள்ளை இப்போது, சுவரைப் பார்த்தபடியே.

வெங்காயம் உரிக்கிற கை நின்றது. மறக்கிற கல்யாணமா அது? பாதி நடக்கும்போது அடுத்த தெருவில் ஒரு சாவு விழுந்தது. நாற்காலியம்மா எழுந்து வந்து, விருந்தாளிகள் எல்லாரையும் எழுப்பிவிட்டாள். "சந்தோஷமா வந்தவங்க நிக்கலாம், கால் வலிக்காது. அங்க வர்றவங்களுக்கு உக்காரணும்" என்றாள். மாப்பிள்ளையே கல்யாண உடையோடு லாரியை ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். படத்தில் ஊரே நிற்கும். பார்க்கிறவர்கள், என்ன ஓட்டப் பந்தயமா என்று கேட்பார்கள்.

"அன்னிக்கு நம்ம நாற்காலி அங்க போச்சு," என்றாள் மூத்தவள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போகட்டும். அம்மா ஒத்துக்கிட்ட தேதி."

"நம்ம கூட்டம்?" என்றான் தம்பி.

"கல்யாணம் அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும்," என்றார் மாப்பிள்ளை. பேசப் பேசத்தான் அவருக்கே யோசனை உருவானது. "ஆறு மணிக்கு வண்டி இங்க வந்துடும். கொட்டகைக்கே எல்லாரையும் வரச் சொல்லிட்டா? நாற்காலி வரும்போது வந்துட்டுப் போகட்டும்."

"கொட்டகைலயா? எண்ணெயும் தூசியுமா? தலைமையாசிரியர் எல்லாம் வர்றாரு மாமா!"

"அம்மா என்ன மண்டபத்துலயாடா இருந்தாங்க?" என்றாள் மூத்தவள். பேச்சு அத்துடன் முடிந்தது. "ஆனா ஒண்ணு. நூறு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லணும். ஏன் மாறிச்சுன்னும் சொல்லணும். கரண்ட் போச்சு, மழை வந்துச்சுன்னு கதை விடக் கூடாது."

வெள்ளியும் சனியும் மாப்பிள்ளை நடந்தார். முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது வீட்டில் கொஞ்சம் சரளமானது. இருபதாவது வீட்டுக்குப் போகும்போது, மூன்றாவது தடவை சோப்பு போட்ட இடத்தில் எவ்வளவு நிறுத்தினால் எவ்வளவு சிரிப்பார்கள் என்பது வரைக்கும் பிடிபட்டுவிட்டது. தன் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் அதை இத்தனை வருஷம் மறைத்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் எந்த வீட்டிலும் அவரைச் சும்மா அனுப்பவில்லை. டீயைக் கையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு கதை சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வாசல் கதவைப் பிடித்தபடி சொன்னாள். "எங்க அப்பா போனப்ப, சாயங்காலம் எல்லாரும் கிளம்பிட்டாங்க மாப்ள. நான் ஒருத்திதான். நம்ம நாற்காலியம்மா நாற்காலி எடுக்க வந்தாங்க. ஒவ்வொண்ணா உக்காந்து பாத்தாங்க, ஆச்சு, ஆச்சுன்னு. கடைசி நாற்காலி என் பக்கத்துல இருந்துது. அதுல உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. 'இது சரியா தெரியல, இன்னும் கொஞ்சம் பாக்கணும்'னாங்க. ஒரு மணி நேரம் பாத்தாங்க."

"அன்னிக்கு நான் வண்டியில காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் மாப்பிள்ளை. "நாற்காலில என்ன கோளாறுன்னு அத்தைகிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்லன்னாங்க. எனக்குப் புரியல."

"இப்பப் புரியுதா?"

"இப்பத்தான் நீ சொல்லிட்டியே."

ஓய்வு பெற்ற டீச்சர், ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள், கதை எதுவும் சொல்லவில்லை. "உன் மச்சான் பேசப்போறானாமே? எத்தனை பக்கம்?" என்றாள்.

"மூணு, டீச்சர்."

"ஒண்ணாவது வகுப்புலயே நிறுத்தத் தெரியாது அவனுக்கு. வரேன் போ."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டு நின்றது. காற்று மட்டும் அடித்தது, மழை யோசித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். பத்துப் பத்தாக அடுக்கி, கயிறு கட்டி, நூற்று இருபதும் ஏறியதும் மாப்பிள்ளை கதவைச் சாத்தப் போனார்.

"இன்னொண்ணு," என்றாள் மூத்தவள்.

நூற்று இருபது கேட்டால் நூற்று இருபத்தொன்று அனுப்புவது அத்தையின் பழக்கம். "எண்ணிக் கூப்பிடுவாங்க, எண்ணி வர மாட்டாங்க" என்பாள். மாப்பிள்ளை அதையும் தூக்கி வைத்தார். பின்கதவு உட்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. சாக்குக்கட்டியை எடுத்து, கடிகாரக்காரர் பெண் கல்யாணம், மூன்று மணி, என்று எழுதினார். காலம் கடந்துதான். இருந்தாலும் எழுதினார்.

ஆறு மணிக்குக் கொட்டகை முற்றத்தில் ஊர் நின்றது. நல்ல சட்டை போட்டவர்கள் எண்ணெய் டப்பாக்களைத் தொடாமல் ஒதுங்கி நின்றார்கள். மூத்தவள் பெரிய கெட்டிலில் டீ வைத்து, ரொட்டித் துண்டுகளுக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் மூன்று தாளையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் பக்கத்தில், தானே மண்டபத்தைத் தொலைத்துவிட்டவன் மாதிரி நின்றான்.

லாரி வந்தது. மாப்பிள்ளை இறங்கிப் பின்கதவைத் திறந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் கல்யாண உடையோடு பெண்ணும் புது மாப்பிள்ளையும் கடிகாரக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் மடியில் ஒரு பெரிய கேக் டப்பா.

"அவசரமில்லன்னு சொன்னேன், கேக்கல," என்றார் கடிகாரக்காரர். "நாங்களும் இறக்கித் தரோம்னு ஏறிடுச்சுங்க."

முதல் நாற்காலியை இறக்கியதும் ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். நின்று நின்று கால் கடுத்திருந்தது. மாப்பிள்ளை அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். அத்தை போன பிறகு வெளியே போய்த் திரும்பிய முதல் வண்டி இது. துடைக்கலாம், எண்ணெய் விடலாம். பிறகு?

நீட்டிய கைகள் தாழ்ந்தன. அவர் ஏன் நிற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மூத்தவள் டீ கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க," என்றாள். "துடைச்சு, விரிச்சு, உக்காந்து பாருங்க. சும்மா உக்காரக் கூடாது, ஒரு மூச்சு விட்டுப் பாக்கணும். நல்லா இருந்தா ஆச்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா ஓரம்."

முதலில் கூச்சப்பட்டார்கள். நர்ஸ்தான் ஆரம்பித்தாள். துடைத்து, விரித்து, உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆச்சு" என்றாள். பிறகு தபால்காரர். பிறகு அங்கங்கே, ஆச்சு, ஆச்சு, இது கீல் இறுகிப்போச்சு ஓரம், ஆச்சு, யோவ் அது என் நாற்காலி, ஆச்சு. கசாப்புக் கடைக்காரர் உட்கார்ந்ததும் பலகை பெருமூச்சு விட்டது. முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தபடி, "அம்மா இருந்தா இன்னிக்கும் என் பேரைச் சொல்லியிருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணப் பெண் தன் உடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று நாற்காலி பார்த்தாள். தலைமையாசிரியர் எண்ணெய் டப்பாவோடு மண்டியிட்டிருந்தார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் தம்பிக்காரன் எழுந்து தொண்டையைச் செருமினான். "எங்கள் அன்னை..." என்று தொடங்கி அரைப் பக்கம் வாசித்திருப்பான்.

"டேய்," என்றாள் டீச்சர். "என் நாற்காலி ஆடுது. தரை மேடு பள்ளமா இருக்கு. அந்தத் தாளைக் குடு."

அவன் தாளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். ஒன்றாவது வகுப்பில் விட்ட இடத்திலிருந்து பயம் திரும்பி வந்தது போலிருக்கிறது. மூன்று பக்கத்தையும் நாலாக மடித்து, குனிந்து, பின்னங்காலுக்கு அடியில் வைத்தான்.

"இப்பச் சொல்லு," என்றாள் டீச்சர்.

அவன் நிமிர்ந்தான். "அம்மா தினமும் நான் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஒரு நாற்காலி விரிச்சு, 'இது சரியா இருக்கா பாருடா'ன்னு உக்கார வெப்பாங்க," என்றான். "ரொம்ப நாளா நிஜமாவே நாற்காலியத்தான் பாக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன்." அவன் முகத்தில் என்னவோ நடந்தது. அது சிரிப்புதான் என்று ஊர் ஒத்துக்கொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது.

கேக் வெட்டினார்கள். டீ சூடு பண்ணி வந்தது. மழை யோசனையைக் கைவிட்டு வேறு ஊருக்குப் போனது. பேச்சு பக்கத்துக்குப் பக்கம் தாவியது. அவள் ஊரில் எத்தனை கல்யாணத்தில் கடைசியாக உட்கார்ந்தவள், எத்தனை வீட்டில் கடைசியாக எழுந்தவள் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

மாப்பிள்ளை உட்காரவில்லை. வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். உள்ளே மூலையில் ஒன்று மடங்கியபடி கிடந்தது. நூற்று இருபத்தொன்றாவது. எண்ணி வராதவர்களுக்காக வைத்தது.

அதை இறக்கித் துடைத்தார். கீலுக்கு ஒரு சொட்டு விட்டார். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு நாற்காலியையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அது அத்தையின் வேலை. ஏற்றுவதும் இறக்குவதும் ஓட்டுவதும் தொலைப்பதும்தான் அவருடையது. லாரியின் பக்கத்தில் விரித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, உட்கார்ந்தார். ஒரு மூச்சு இழுத்து விட்டார். இழுத்தது ஒழுங்காகப் போனது. விட்டது ஒழுங்காக வரவில்லை.

மூத்தவள் டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"ஆடுது," என்றார் மாப்பிள்ளை திரும்பாமலே. "நல்லா ஆடுது. ஓரம்."

அவள் குனிந்து நாலு காலையும் பார்த்தாள். நாலும் தரையில் அழுத்தமாக நின்றன. பிறகு அவருடைய காலைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். கிளாஸை அவர் கையில் கொடுத்து, அது சிந்தாமலிருக்கத் தன் கையையும் அதன்மேல் வைத்தாள்.

"நாற்காலி ஆடலங்க," என்றாள். "நீங்கதான் ஆடுறீங்க."

பிறகு முற்றத்துக்குக் கேட்கிற மாதிரி திரும்பிச் சொன்னாள்:

"ஆச்சு!"